குளத்துக்குப் போவதா, குளத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதா?

சென்ற ஐப்பசியில், ஒரே வாரத்தில் இரண்டு பெற்றோர் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவர் புதுச்சேரி லாசுப்பேட்டையில் இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருப்பவர். மகளுக்கு நான்கு வயது. மற்றவர் கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் போகும் வழியில் ஒரு கிராமத்துக்காரர். மகன்களுக்கு ஐந்தும் எட்டும். தவளை, தட்டான், நத்தை, மீன்கொத்தி எல்லாவற்றையும் பிள்ளைகள் படத்தில்தான் பார்க்கிறார்கள், நேரில் காட்ட எது நல்ல வழி என்பது கேள்வி. மாடி வீட்டுக்காரர் கண்ணாடி மீன்தொட்டி வாங்குவதா, ஊசுட்டேரிக்குக் கூட்டிப்போவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார். கிராமத்துக்காரரின் வீட்டுக்கு எதிரிலேயே குட்டை இருக்கிறது. ஆனால் அவருடைய அம்மா பேரன்களை அந்தப் பக்கம் விடுவதே இல்லை.

கடலூரில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் எனக்கு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. ஊர்க் குட்டைக்கு நடந்து போவது, வீட்டில் தொட்டிக் குளம் அமைப்பது, பெரிய ஏரிக்குப் பயணம் போவது, கண்ணாடித் தொட்டி வைப்பது என்று நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன். நான்கிலும் பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் மகிழ்ச்சி அடுத்த நாள் வரை தங்கியது இரண்டில்தான்.

## எதை வைத்து எடைபோடுவது

எல்லாவற்றிலும் மேலாக நான் பார்ப்பது, மறுபடியும் மறுபடியும் பார்க்க வாய்ப்பு இருக்கிறதா என்பதை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரே நாளில் முப்பது பறவைகளைக் காட்டினால் மறுநாள் ஒன்றிரண்டுதான் நினைவில் நிற்கும். அதே பிள்ளை ஒரே தலைப்பிரட்டையை இருபது நாள் பார்த்திருந்தால், பின்னங்கால் முளைத்த அன்று யாரும் கேட்காமலே ஓடிவந்து சொல்லும். சின்னப் பிள்ளைகள் மாற்றத்தின் வழியாகத்தான் உயிரை அறிகிறார்கள். நேற்று இல்லாதது இன்று இருக்கிறது என்ற வியப்பு ஒருமுறைப் பயணத்தில் கிடைக்காது.

அடுத்தது தூரம். ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கை எட்டும் தூரம்தான் உலகம். ஏரியின் நடுவில் நிற்கும் நாரை நமக்கு அழகு. பிள்ளைக்கு அது ஒரு வெள்ளைப் புள்ளி.

பாதுகாப்பை மதிப்பெண் போட்டு எடைபோடக் கூடாது. அது இல்லாவிட்டால் மற்றவை எதுவும் கணக்கில் வராது. நாம் பார்க்கப்போகும் உயிர்களின் கதியையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாட்டிலில் செத்து மிதக்கும் முப்பது தலைப்பிரட்டைகள் பிள்ளைக்குச் சொல்லித்தரும் பாடம், நாம் சொல்லித்தர நினைத்த பாடம் அல்ல.

செலவைக் கடைசியில் வைக்கிறேன். இதில் பணம் சிறிய பங்கு. பெரியவரின் நேரம், பொறுமை, தண்ணீர், வீட்டுக்காரரின் அனுமதி, கொசு ஆகியவைதான் கண்ணுக்குத் தெரியாத செலவுகள்.

| வழி | திரும்பத் திரும்பப் பார்ப்பது | அருகிலிருந்து பார்ப்பது | முக்கிய ஆபத்து | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஊர்க் குட்டை | வாரந்தோறும் முடியும் | மிக நன்று | திடீர்ப் பள்ளம், அசுத்த நீர் | பெரியவரின் நேரம் |
| தொட்டிக் குளம் | தினமும் | மிக நன்று | குழந்தை தவறி விழுதல், கொசு | எடை, கோடைத் தண்ணீர் |
| பெரிய ஏரி | ஆண்டுக்குச் சில முறை | குறைவு | வெயில், களைப்பு | பயணம், பைனாகுலர் |
| கண்ணாடித் தொட்டி | தினமும். ஆனால் மாற்றம் குறைவு | நன்று | கண்ணாடி, மின்சாரம் | கைவிடும் நாளில் மீன்களின் கதி |

## ஊர்க் குட்டை

என் மனம் இதன் பக்கம்தான் சாய்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குட்டைக்குக் கொண்டுபோக வேண்டியவை: அடி வெள்ளையாக உள்ள ஒரு தட்டு, நீளக் குச்சியில் கட்டிய டீ வடிகட்டி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு பாட்டில் நல்ல தண்ணீர், சோப்பு. கரையோரத்து வேலம்பாசிக்குள் வடிகட்டியை ஒருமுறை ஓட்டி, தட்டில் கொஞ்சம் குளத்து நீரோடு கவிழ்த்து, கலங்கல் தெளியும்வரை இரண்டு நிமிடம் சும்மா இருக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடக் காத்திருப்பே ஒரு பயிற்சி. முதலில் ஒன்றும் இல்லை என்றுதான் பிள்ளைகள் சொல்வார்கள். பிறகு ஒரு துரும்பு நகரும்.

கால் முளைத்த துரும்பு போல இருப்பது பெரும்பாலும் தட்டானின் இளம் பருவமாக இருக்கும். என் வகுப்பில் அதற்குத் ‘தட்டான் குஞ்சு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பறக்கும் தட்டானோடு அதற்கு எந்த ஒற்றுமையும் தெரியாது. கீழ்த்தாடையை மடித்து முகத்தின் அடியில் வைத்திருக்கும். கொசுப்புழு அருகில் வந்தால் அந்தத் தாடை நீண்டு பிடித்துவிடும். அவசரமாக ஓட வேண்டுமென்றால் பின்புறத்திலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி அந்த உந்துதலில் பாயும். இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். தட்டில் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒருநாள் தட்டில் முதுகு முழுக்க முட்டை ஒட்டிய தட்டையான நீர்ப்பூச்சி ஒன்று வந்தது. “அம்மா பூச்சி” என்றாள் ஒருத்தி. இல்லை, இது அப்பா என்றேன். இந்த இனத்தில் பெண் பூச்சி ஆணின் முதுகில்தான் முட்டையிடும். குஞ்சு பொரிக்கும்வரை ஆண்தான் சுமக்கும். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பையன், “என் அப்பாவும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போவார்” என்றான். அன்று நான் வேறு பாடம் எதுவும் நடத்தவில்லை. அந்தப் பூச்சியைத் தொட்டால் வலிக்கும்படி கடிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மல்லாந்து நீந்தும் பூச்சியும் அப்படித்தான். தட்டில் இருப்பதைக் கண்ணால் பார்க்கலாம், விரல் வைக்கக் கூடாது என்ற ஒரே விதி போதும்.

நீரின் மேல்தோலில் நடக்கும் நீளக்கால் பூச்சி, சக்கரம் போலச் சுற்றும் சுழல் வண்டு, நுரையீரலும் செவுளும் இரண்டும் உள்ள பெரிய நத்தை, தண்ணீரின் மீதே தத்தித் தத்தி ஓடும் தவளை ஆகியவை நம் குட்டைகளில் எளிதாகக் கிடைப்பவை. சுழல் வண்டின் கண் இரண்டாகப் பிரிந்திருக்கும். மேல்பாதி வானத்தைப் பார்க்கும், கீழ்ப்பாதி தண்ணீருக்குள் பார்க்கும். மழை விட்ட ஐப்பசி இரவில் மஞ்சள் நிறமாக மாறி, தொண்டையின் இரு பக்கமும் நீலப் பைகள் புடைக்கக் கத்தும் பெரிய ஆண் தவளைகளை டார்ச் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு அதன்பிறகு தவளை அருவருப்பான பொருளாக இருக்காது.

இனி ஆபத்துகள். இதில் மென்மையாகச் சொல்ல ஒன்றுமில்லை. நம் பக்கத்துக் குட்டைகள் பலவற்றில் வண்டலும் சவுடும் எடுத்த பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கின்றன. மேலே பார்த்தால் முழங்காலளவு நீர். ஒரு அடி தள்ளிக் கால் வைத்தால் ஆளை விழுங்கும் ஆழம். எனவே பிள்ளைகள் வருவதற்கு முதல் நாளே பெரியவர் ஒருவர் மூங்கில் கம்பால் கரையோரத்தை ஊன்றிப் பார்த்துவிட வேண்டும். சரிவு மெதுவாக இறங்கும் ஓர் இடத்தைத் தேர்ந்து, ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. தண்ணீரை ஒட்டி நிற்பதும் இல்லை, உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் பிள்ளை எளிதில் தலைகுப்புற விழாது.

கையிலோ காலிலோ புண் இருந்தால் அன்று குளத்து நீர் வேண்டாம். எலிக்காய்ச்சல் கிருமி அந்த வழியாக எளிதில் உள்ளே போகும். பச்சைப் பெயின்ட் கரைத்தது போல் ஏடு கட்டிய நீர், சாக்கடை கலக்கும் நீர், தொழிற்சாலைப் பகுதிக் கால்வாய்களை ஒட்டிய நீர் ஆகியவற்றைத் தொடவே வேண்டாம். நீரில் காணப்படும் நீர்க்கோலிக்கு விஷம் இல்லை என்பது உண்மை. ஆனால் ஐந்து வயதில் பாம்பு வகைகளைப் பிரித்தறிய வேண்டியதில்லை. எந்தப் பாம்பைக் கண்டாலும் மூன்று அடி பின்னால் நகர்வது என்று பழக்கினால் போதும்.

கோயில் குளத்தை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. திருப்பாதிரிப்புலியூரிலும் வில்லியனூரிலும் சிதம்பரத்தின் சிவகங்கைக் குளத்திலும் படிக்கட்டுகள் செங்குத்தாக இறங்குகின்றன, பாசி வழுக்கும். மேல்படியில் உட்கார்ந்து மீன்கொத்தி பாய்வதையும் பொரிக்கு மீன்கள் மேலே வருவதையும் பார்க்கலாம். வடிகட்டியோடு போகும் இடம் அதுவல்ல.

குட்டையின் மறைமுகச் செலவு உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் காலை. வாரம் ஒரு மணி நேரம் என்று தொடங்கி மூன்றாவது வாரம் தளர்ந்துவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களால் வாரந்தோறும் முடியாது என்று இப்போதே தெரிந்தால், அடுத்த பகுதிக்குப் போய்விடுங்கள். இன்னொன்று: கோடையில் குட்டை வற்றும். வற்றினால் போகக் கூடாது என்பதில்லை. வெடித்த சேற்றுக்குள் ஓட்டின் வாயைக் கதவு போல மூடிக்கொண்டு மழைக்காகக் காத்துக் கிடக்கும் நத்தையைத் தோண்டிக் காட்டிவிட்டு, அதே இடத்தில் மூடி வையுங்கள். மழை வந்த பிறகு பிள்ளைகளே அதைத் தேடுவார்கள்.

எப்போது இது சிறந்தது: நடந்து போகும் தூரத்தில் சரிவான கரையுள்ள குட்டை இருக்கிறது, வாரம் ஒரு மணி நேரம் கொடுக்கக்கூடிய பெரியவர் இருக்கிறார் என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

## தொட்டிக் குளம்

கிணறு கட்டப் பயன்படும் சிமெண்ட் உறை ஒன்றை வாங்கி, அடியைப் பூசி அடைத்துவிட்டால் அருமையான தொட்டிக் குளம் ஆகிவிடும். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டியும் நன்றாக இருக்கும். புதிய சிமெண்டில் சுண்ணாம்பு இறங்கும். பத்துப் பதினைந்து நாள் நீர் நிரப்பிக் கொட்டி, மறுபடி நிரப்பிய பிறகுதான் உயிர்களுக்கு ஏற்றதாகும். எனக்கு இது தெரியாத முதல் ஆண்டில், விட்ட மீன்கள் இரண்டே நாளில் இறந்தன. பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அடியில் இரண்டு கைப்பிடி வண்டல், ஒரு மண்சட்டியில் அல்லி, ஒரு கொத்து வேலம்பாசி, நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குச்சிகள். குச்சி முக்கியம். தட்டான் குஞ்சு வளர்ந்து முடிந்ததும் அதில் ஏறித்தான் தோலை உரிக்கும். இது பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோ நடக்கும். காலையில் குச்சியில் ஒட்டியிருக்கும் வெற்றுத் தோலைப் பிள்ளை கண்டுபிடிக்கும் நாள் அந்த வீட்டில் ஒரு பண்டிகை. குழாய் நீரென்றால் ஒருநாள் திறந்துவைத்து ஊற்றுங்கள். மழைநீர் கிடைத்தால் அதுவே நல்லது.

எதையும் கொண்டுவந்து போடாமலே தொட்டிக்கு விருந்தாளிகள் வருவார்கள் என்பது இந்த வழியின் பெரிய அழகு. ஊசித்தட்டான் தண்டில் முட்டை வைக்கும். தவளை எங்கிருந்தோ வந்து சேரும். பள்ளிச் செய்யுளில் மனப்பாடம் செய்த கொட்டியையும் ஆம்பலையும் பிள்ளைகள் நேரில் பார்க்க முடியும்.

ஆனால் முதலில் வரும் விருந்தாளி கொசுதான். தெளிந்த தேங்கிய நீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கொசுவால் பரவும் நோய்களை ஆராயும் மத்திய ஆய்வு மையமே 1975 முதல் புதுச்சேரியில் இயங்குகிறது என்றால், இந்தக் கரையோரத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். தட்டான் குஞ்சுகள் பெருகும்வரை காத்திருக்க முடியாது. முதல் நாளிலிருந்தே கொசுப்புழு தின்னும் நான்கைந்து சிறு மீன்கள் வேண்டும். உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டு மின்னும் நம் ஊர்ச் சிறு மீன் இதற்குப் போதும். வாய்க்கால்களில் மேல்நீரிலேயே திரியும். கடையில் எளிதாகக் கிடைக்கும் கப்பியும் கம்பூசியாவும் அயல் கண்டத்து மீன்கள். வடகிழக்குப் பருவமழையில் தொட்டி நிரம்பி வழிந்தால் அவை கால்வாய்க்குப் போய், நம் மீன்களின் முட்டையையும் தலைப்பிரட்டைகளையும் தின்னும்.

மீன் விட்டால் தலைப்பிரட்டைகள் குறையும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் வேலம்பாசியை அடர்த்தியாக விடுங்கள். ஒளிய இடம் கிடைத்தவை பிழைக்கும். தவளையாகும் காலத்தில் ஏறி உட்கார ஒரு கல் வேண்டும். முன்னங்கால் முளைத்தபின் அதற்குக் காற்று தேவை, கரையில்லாவிட்டால் மூழ்கிவிடும். “வால் எங்கே விழுந்தது?” என்று பிள்ளைகள் தொட்டிக்குள் தேடுவார்கள். வால் விழுவதில்லை, உடலே அதைக் கரைத்து உணவாக்கிக்கொள்கிறது. அந்த நாட்களில் தவளைக் குஞ்சு எதுவும் தின்னாது.

எடை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் நிறைந்தால் நீர் மட்டுமே இருநூறு கிலோ. சிமெண்டும் மண்ணும் அதற்கு மேல். மாடியில் வைக்க வீட்டின் கட்டுமானம் தெரிந்தவரைக் கேளுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரையும் கேளுங்கள். கத்திரி வெயிலில் தினமும் ஒரு குடம் ஊற்ற வேண்டியிருக்கும். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் தொட்டியின் மேல் கம்பி வலை கட்டாயம். சில அங்குல நீரில்கூடக் குழந்தை மூழ்கிவிட முடியும். வலை பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க வேண்டாம்; வலை வந்த பிறகு நீர் ஊற்றுங்கள்.

எப்போது இது சிறந்தது: குட்டை தூரத்தில் இருக்கிறது அல்லது நம்ப முடியாத குட்டை, வீட்டில் தரைமட்டத்தில் பாதி நிழலுள்ள இடம் இருக்கிறது, தினமும் ஐந்து நிமிடம் பார்க்க ஆள் இருக்கிறது என்றால்.

## பெரிய ஏரி

புதுச்சேரியிலிருந்து மேற்கே ஏறத்தாழ பத்து கிலோமீட்டரில் இருக்கும் ஊசுட்டேரி, புதுச்சேரி, தமிழ்நாடு இரண்டின் எல்லையிலும் பரந்து கிடக்கிறது. புதுச்சேரி அரசு தன் பகுதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. புதுச்சேரியின் இரண்டாவது பெரிய ஏரி பாகூரில் இருக்கிறது. கடலூரிலிருந்து அதுதான் பக்கம். தெற்கே குறிஞ்சிப்பாடி அருகே பெருமாள் ஏரி, காட்டுமன்னார்கோயில் அருகே சோழர் காலத்து வீராணம். நம் வட்டாரத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை.

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல பருவம். விடியற்காலையில் கரையில் நின்றால் நாமக்கோழிகள், நீர்க்காகங்கள், சிறகைக் காயவைக்கும் பாம்புத்தாரா, அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும் கருப்பு வெள்ளை மீன்கொத்தி. ஆகாயமும் தண்ணீரும் இத்தனை பெரிது என்பதை ஏரி காட்டுவது போல் வேறெதுவும் காட்டாது. முக்குளிப்பான் குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறிச் சவாரி செய்வதைப் பைனாகுலரில் பார்த்த எட்டு வயதுப் பிள்ளை அதை மறக்காது.

பைனாகுலரில் பார்த்த எட்டு வயதுப் பிள்ளை என்று சொன்னேன். நான்கு வயதுக்குப் பைனாகுலர் பிடிபடுவதில்லை. கண்ணும் கண்ணாடியும் ஒத்துப்போவதற்குள் பறவை பறந்துவிடும். நான் அழைத்துப்போன முதல் வகுப்புப் பிள்ளைகள் திரும்பி வந்து வரைந்த படத்தில் பறவை இல்லை. வேனும் இட்லியும் இருந்தன. பிள்ளைகள் மேல் தவறில்லை. அவர்களுக்கு அருகில் இருந்தவை அவைதான்.

சரணாலயத்தில் எதையும் பிடிக்கவோ எடுத்துவரவோ கூடாது. வடிகட்டிக்கு அங்கே வேலையில்லை. விடியலுக்கு முன் எழுப்புவது, வண்டிச் செலவு, கழிப்பறை, ஒன்பது மணிக்கு ஏறும் வெயில் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

எப்போது இது சிறந்தது: பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டது, குட்டையிலோ தொட்டியிலோ ஏற்கெனவே ஆறு மாதம் பார்த்துப் பழகியிருக்கிறது என்றால். குட்டையில் மடையானைத் தெரிந்துகொண்ட பிள்ளை ஏரியில் அதைக் கண்டதும் பழைய நண்பனைப் பார்த்தது போல் கத்தும்.

## கண்ணாடித் தொட்டி

இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சுத்தம், உடனடி, வீட்டுக்குள்ளேயே. படுக்கையில் இருக்கும் பிள்ளைக்கும், நடக்க இயலாத பிள்ளைக்கும், பால்கனிகூட இல்லாத வீட்டுக்கும் இது பெரிய ஆறுதல். மீன் மூச்சுவிடும்போது செவுள் திறந்து மூடுவதைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பது குளத்தில் கிடைக்காத காட்சி.

ஆனால் அங்கே குளம் இல்லை. யாரும் யாரையும் தின்பதில்லை, யாரும் உருமாறுவதில்லை, மழையும் கோடையும் இல்லை. மேலே தீனி விழுகிறது, கீழே மீன் தின்கிறது. ஒரு மாதத்தில் பிள்ளைக்குச் சலித்துவிடுகிறது. அப்போதுதான் உண்மையான செலவு வருகிறது. சலித்துப்போன மீன்களைப் பாவம் பார்த்துக் கெடிலம் ஆற்றிலோ கோயில் குளத்திலோ விடுகிறார்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகி, கரையைக் குடைந்து, மீனவர் வலையைக் கிழிக்கிறது. காதோரம் சிவப்புக் கோடுள்ள குட்டி ஆமையும் அப்படித்தான். அயல் நாட்டு ஆமை, சாப்பாட்டுத் தட்டு அளவு வளரும். குளத்தில் கண்ட நம் ஊர் ஆமையைப் பிடித்து வந்து இதில் வைப்பதும் வேண்டாம். பால் ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

கண்ணாடித் தொட்டியை இரண்டு மாதத்துக்கு மட்டும் ‘கடன் வாங்கிய குளம்’ ஆக வைத்தால் அதன் பயன் பல மடங்கு. குட்டையிலிருந்து குட்டை நீரோடு மூன்று தலைப்பிரட்டைகள். மூன்றுக்கு மேல் வேண்டாம். வேகவைத்த கீரை ஒரு சிட்டிகை, இரண்டு நாளுக்கு ஒருமுறை பாதி நீரை மாற்றக் குட்டையிலிருந்தே நீர். கால் முளைத்ததும், எடுத்த அதே குட்டையில், எடுத்த அதே இடத்தில் பிள்ளையின் கையாலேயே திரும்ப விட வேண்டும். வேறு குளத்தில் விட்டால் ஒரு நீரின் நோய் இன்னொரு நீருக்குப் போகும்.

## இருவருக்கும் நான் சொன்னது

கிராமத்துக்காரரிடம் குட்டையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஆனால் முதலில் அவருடைய அம்மாவை அழைத்துப்போகச் சொன்னேன். அந்தக் குட்டையில் எங்கே பள்ளம், எங்கே சரிவு, எந்த ஆண்டு யார் விழுந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவருடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணமே எங்களுக்கு வரைபடம் ஆயிற்று. கிழக்குக் கரையில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மட்டும் உட்காரலாம் என்று அவரே இடம் காட்டினார். எட்டு வயதுப் பையனை இந்தத் தை மாதம் பாகூருக்கு அழைத்துப்போகலாம். தம்பி இன்னும் மூன்று ஆண்டு பொறுக்கட்டும்.

லாசுப்பேட்டைக்காரரிடம் மீன்தொட்டியும் வேண்டாம், ஊசுட்டேரியும் இப்போது வேண்டாம் என்றேன். சிமெண்ட் உறை மாடிக்கு ஆகாது. பால்கனியில் இருபது லிட்டர் பிடிக்கும் அகலமான பிளாஸ்டிக் பேசின் போதும்: ஒரு சட்டி அல்லி, வேலம்பாசி, இரண்டு பொட்டு மீன், ஒரு குச்சி, மேலே வலை. வீட்டுக்காரரிடம் கொசு பற்றி முன்பே பேசி, வாரம் ஒருமுறை அவரையே வந்து எட்டிப் பார்க்கச் சொல்லச் சொன்னேன். ஒளித்து வைத்த தொட்டியை விட, வீட்டுக்காரரே வந்து பார்த்துவிட்டுப் போகும் தொட்டி நீண்ட நாள் நிலைக்கும்.

இதை எழுதும்போது அந்தப் பேசினுக்கு ஒன்பது வாரம். தட்டான் இன்னும் வரவில்லை. இலைக்கு அடியில் பசை போல் ஒட்டியிருக்கும் நத்தை முட்டைகளைச் சிறுமியே கண்டுபிடித்து, தினமும் காலையில் பல் துலக்கும் முன் எண்ணுகிறாளாம். நேற்றுப் பதினான்கு இருந்தன, இன்று பதினொன்று, மூன்று எங்கே போயின என்று கேட்டுத் தொலைபேசியில் அழைத்தாள். மீனைக் கேள் என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். பத்து நிமிடத்தில் மறுபடி அழைத்து, மீன் தின்னவில்லை, மூன்று குட்டி நத்தைகள் பேசினின் விளிம்பில் ஏறிக்கொண்டிருக்கின்றன என்றாள்.